பத்தாயிரம் ரூபாயும் மூன்றடிப் பலகையும்: சின்னக் கார்களில் எதை எடுப்பது?

அக்கா மகன் வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். போனஸ் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எனக்கு போன் போட்டான். "மாமா, பொம்மைக் கார் மாடல் சேர்க்கணும்னு இருக்கேன். பெரிசா ஒண்ணே ஒண்ணு வாங்கவா, சின்னதா நிறைய வாங்கவா, இல்ல உங்கள மாதிரி உதிரி உதிரியா வர்ற கிட் வாங்கி ஒட்டவா?" அறையில் அவனுக்கென்று இருப்பது சுவரில் அடித்த ஒரு மூன்றடிப் பலகை. அதன் ஒரு ஓரத்தில் அக்கா கொடுத்தனுப்பிய பிள்ளையார் இருக்கிறார், அவரை நகர்த்த முடியாது.

போனில் கால் மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கும் ஆகும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இதில் காசை வீணாக்கிய அனுபவம் நிறையவே உண்டு.

முதலில் ஒன்று. சேர்ப்பதும் செய்வதும் ஒரே பொழுதுபோக்கு இல்லை. நகை வாங்குகிறவரும் நகை செய்கிறவரும் ஒரே கடைக்குள் இருப்பார்கள், ஆனால் அவர்கள் பொழுது போகிற விதமே வேறு. கார் மாடலும் அப்படித்தான். எந்த அளவு, எந்த பிராண்டு என்பதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கடையாகத் தேடி அலைவது பிடிக்குமா, உட்கார்ந்து ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்குமா, கையில் பசை ஒட்டினால்தான் தூக்கம் வருமா, இதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

சரி, அளவுக்கு வருவோம். நிஜக் கார் நாலரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:64 அளவில், அதாவது நிஜத்தில் 64ல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 7 செ.மீ., 1:43 அளவில் பத்தரை, 1:24 அளவில் கிட்டத்தட்ட 19, 1:18 அளவில் 25 செ.மீ. கேட்க ரொம்ப வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் பலகையில் பிடிக்கும் இடம் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வருவது. ஒரு 1:18 கார் நிற்கும் இடத்தில் 1:64 கார்கள் பன்னிரண்டு நிற்கும். அதுவும் நம் வீட்டுச் சுவர்ப் பலகைகள் பெரும்பாலும் எட்டு அங்குல அகலம்தான், அதாவது 20 செ.மீ. 1:18 காரை மூக்கு நம்மைப் பார்க்கும்படி நிறுத்தினால் பின்பக்கம் சுவரில் இடிக்கும், நீளவாக்கில்தான் வைக்க வேண்டும். பிள்ளையாரையும் கணக்கில் எடுத்தால் இவன் பலகையில் மூன்று கார், அதோடு சரி. 1:24 மட்டும் அந்த அகலத்தில் தப்பித்தவறி அடங்கிவிடும்.

இந்த விகிதங்கள் ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் 43, 64 என்று இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். 1:24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம், அவ்வளவுதான். 1:43 வந்தது பொம்மை ரயிலிலிருந்து. இங்கிலாந்தில் ஓ கேஜ் என்ற வகைப் பொம்மை ரயில்களை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள், அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தக் கார் வேண்டியிருந்தது. அடிக்கு 304.8 மில்லிமீட்டர், அதை ஏழால் வகுத்தால் நாற்பத்து மூன்றரை. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி டிங்கி டாய்ஸ் என்று விற்ற கார்கள் இந்த வழியில் வந்தவைதான்.

இப்போது அதிகம் பேர் நுழையும் வாசல், 1:64. ஹாட் வீல்ஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், 1968ல் மேட்டல் கம்பெனி பதினாறு கார்களோடு ஆரம்பித்தது. சாதாரண ஹாட் வீல்ஸ் இன்றும் இருநூறு ரூபாய்க்குள் வாங்கலாம், சூப்பர் மார்க்கெட்டில் கூடத் தொங்கும். பத்தாயிரத்துக்கு ஐம்பது கார் என்பது உண்மைதான், அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. ஐம்பது வாங்கும்போது நாற்பது கார் உங்களுக்குப் பிடித்த காராக இருக்காது, கடையில் இருந்தது என்பதற்காக எடுத்ததாக இருக்கும். என்னிடம் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. நெருப்பு படம் போட்ட, எந்தக் கம்பெனியும் தயாரிக்காத கற்பனைக் கார்கள். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்று, ஹாட் வீல்ஸ் பெட்டியில் 1:64 என்று போட்டிருந்தாலும் அதை அப்படியே நம்பக்கூடாது. அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக எல்லா வண்டியையும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். குட்டி மினி காரும் பெரிய லாரியும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஜப்பானின் டொமிக்காவும் அப்படித்தான், 1970லிருந்து வருகிறது, அழகான சின்ன அட்டைப்பெட்டி, ஆனால் அளவு பெட்டிக்குத் தக்கபடி. உள்ளபடியே 1:64 வேண்டும் என்றால் டொமிக்கா லிமிடெட் வின்டேஜ், மினி ஜிடி, இன்னோ64, டார்மாக் வொர்க்ஸ் இந்தப் பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு காரின் விலைக்குச் சாதாரண ஹாட் வீல்ஸ் ஏழெட்டு, சிலதுக்குப் பத்து வாங்கலாம். ஆனால் அந்த ஒரு காரைக் கையில் வைத்துப் பார்த்தால் பக்கக் கண்ணாடி தனியாக நிற்கும், ஹெட்லைட்டுக்குள் குழி தெரியும், டயர் ரப்பர். என் கட்சி இதுதான்: ஐம்பது வேண்டாம், ஏழு போதும்.

தேடும் சுகத்துக்காகவே வாங்குகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1995லிருந்து ஹாட் வீல்ஸ் ஒவ்வொரு வருடமும் சில கார்களை ட்ரெஷர் ஹன்ட் என்று குறைந்த எண்ணிக்கையில் கலந்துவிடுகிறது. வட்டத்துக்குள் தீச்சுடர் மாதிரி ஒரு குறி காரில் எங்கேயோ ஒளிந்திருக்கும். அதிலும் சூப்பர் என்று ஒரு வகை, பளபளக்கும் விசேஷ பெயின்ட், ரப்பர் டயர், காரின் மேல் டிஎச் என்ற எழுத்து. சாதாரணக் காரின் விலையே போட்டிருக்கும், தொங்கும் நூறு அட்டைக்குள் அது இருந்து கண்ணில் பட்டால் அந்த சந்தோஷமே தனி. ஆனால் சென்னை மாதிரி ஊரில் அது தொங்கும்வரை வருவதே அபூர்வம். பெட்டி உடைக்கும்போதே யாராவது அள்ளிக்கொண்டு போய் ஆன்லைனில் பத்து மடங்குக்கு விற்பார்கள். நானும் ஒரு காலத்தில் ஒரு கடையில் வாரா வாரம் போய் நின்றேன், கடைப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். பின்னால் விலை ஏறும் என்று நினைத்து அட்டையைப் பிரிக்காமல் அடுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லட்சக்கணக்கில் அச்சடிக்கும் சாமான் விலை ஏறாது. பிரித்துப் பாருங்கள்.

அப்புறம் 1:18. கதவு திறக்கும், பானெட் திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். முதல் முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் விழுவது இதில்தான், வீட்டுக்கு வருகிறவர்களும் இதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். மைஸ்டோவும் பராகோவும் சில ஆயிரத்துக்குள் கிடைக்கும் (பராகோ இத்தாலியக் கம்பெனி, இப்போது மைஸ்டோவின் தாய் நிறுவனமான ஹாங்காங் மே சியாங் குழுமத்திடம் இருக்கிறது). தூரத்திலிருந்து கம்பீரம், பக்கத்தில் போனால் கதவு இடுக்கு கொஞ்சம் அகலமாகத் தெரியும், உள்ளே தரைவிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். அதற்கு மேல் ஆட்டோஆர்ட், கியோஷோ. அதற்கும் மேல் ஜெர்மனியின் சிஎம்சி, அதில் ஒரு காருக்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட உதிரி இருக்கும், விலையைப் பற்றி நாம் பேச வேண்டாம். பத்தாயிரத்துக்குள் மைஸ்டோ, பராகோ ரகத்தில் இரண்டு மூன்று எடுக்கலாம். அதோடு பலகையும் முடிந்தது, பணமும் முடிந்தது, பொழுதுபோக்கும் முடிந்தது. வாங்கி வைத்தபின் தூசி தட்டுவதைத் தவிர அதில் செய்ய எதுவும் இல்லை. தூசியும் சும்மா வராது, கதவு திறக்கும் மாடல் என்றால் உள் சீட்டில் போய்ப் படியும். பெண்கள் கன்னத்துக்குப் பவுடர் போடும் மெல்லிய பிரஷ் இதற்கு ரொம்ப நல்லது.

சின்ன வயதிலிருந்து ஒரே ஒரு காரின் மேல் ஆசை, அந்த ஒன்று போதும் என்கிறவருக்கு 1:18 சரி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு 1:43. கதவு திறக்காது, அடியில் ஒரு மேடை, மேலே கண்ணாடி மாதிரி மூடி, அதோடேயே வரும். தூசிக் கவலை விட்டது. பந்தயக் கார்கள் வேண்டுமானால் இதுதான் ராஜா, மினிசாம்ப்ஸும் ஸ்பார்க்கும் எந்த வருடம் எந்த டிரைவர் எந்தக் கார் ஓட்டினார் என்பதை எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய ஜோர்டான் அணியின் மஞ்சள் காரைக் கூட மினிசாம்ப்ஸ் 1:43 அளவில் செய்தது. அந்த வருடம் இண்டியானாபோலிஸில் மிஷ்லின் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தார், ஐந்து புள்ளி. ஆறு பேரில் நான்காவதா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்தக் காரை விற்பனைக்குப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். நம் தெருவில் ஓடிய பழைய கார்கள் வேண்டும் என்கிறவர்களுக்கும் 1:43 அளவில்தான் வழி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு, பத்மினிக்கு மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. அந்தப் பெயர்களில் தேடினால் 1:43 அளவில் மாட்டும். பெயர்ப்பலகை வேறாக இருக்கும், முகம் அதே முகம்.

உலோக மாடல் எதுவானாலும் ஒரு எச்சரிக்கை. இவை துத்தநாகக் கலவையை உருக்கி எஃகு அச்சில் அழுத்தி ஊற்றிச் செய்பவை. அந்தக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் பல வருடம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிந்து, பெயின்ட் கொப்பளித்து, விரிசல் விட்டு, கடைசியில் முறுக்கு மாதிரி நொறுங்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படித்தான் போயின. சேகரிப்பவர்கள் இதை ஜிங்க் பெஸ்ட் என்பார்கள், மருந்து கிடையாது, ஈரமும் வெக்கையும் அதை வேகப்படுத்தும். பழைய மாடல் வாங்கும்போது பெயின்ட்டில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

இனி என் பக்கம். கிட்.

கிட் என்றால் முதலில் ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊர். தமியா, அவோஷிமா, ஃபுஜிமி, ஹசெகாவா எல்லாம் அந்த ஒரு பகுதியில்தான் இருக்கின்றன, தமியா 1946ல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது. தமியா 1:24 கிட்டில் உதிரிகள் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்தால் நம் வீட்டுக் கதவு செய்த ஆசாரியை நினைத்து வருத்தமாக இருக்கும். அமெரிக்கக் கிட்கள், ஏஎம்டி, ரெவெல் மாதிரி, பெரும்பாலும் 1:25. அதில் முழு என்ஜினும் இருக்கும், ஆனால் அரத்தால் ராவித்தான் பொருத்த வேண்டியிருக்கும். என்ஜின் இல்லாத, வெளித்தோற்றம் மட்டும் உள்ள கிட்களைக் கர்ப்சைடு என்பார்கள். முதல் கிட்டுக்கு அதுவே போதும், பானெட்டை மூடினால் என்ஜினை யார் பார்க்கப் போகிறார்கள்.

விலையில்தான் ஏமாறுவார்கள். கிட் மூவாயிரம் நாலாயிரம் என்று பார்த்துவிட்டு, ஆட்டோஆர்ட்டை விட மலிவு என்று வாங்கிவிடுவார்கள். பிறகு உதிரிகளைச் சட்டத்திலிருந்து வெட்ட நிப்பர் வேண்டும், கத்தி வேண்டும், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மெல்லிய பசை, அடிப்பூச்சுக்கு பிரைமர், மூன்று நான்கு நிறம், கடைசியில் மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட், எல்லாம் சேர்ந்தால் கிட்டின் விலையைத் தொட்டுவிடும். ஆனால் இது முதல் தடவைச் செலவு, இரண்டாவது காருக்கு இதில் பாதி கூட வராது. தேய்க்கும் வாட்டர் பேப்பரை ஹார்டுவேர் கடையிலும் பளபளப்பாக்கும் ரப்பிங் காம்பவுண்டை பைக் சாமான் கடையிலும் வாங்குங்கள், பொழுதுபோக்கு என்று பெயர் போட்டு விற்றால் விலை கூடிவிடும். காற்றழுத்தத்தில் பெயின்ட் அடிக்கும் ஏர்பிரஷ், கம்ப்ரஸர் எதுவும் முதல் மூன்று காருக்கு வேண்டாம்.

பெயின்ட்டில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பைக் டாங்கிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவை வாங்கி, பிரைமர் இல்லாமல் நேராகக் காரின் மேல் அடித்தேன். அதில் இருந்த தின்னர் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கடித்து, மேற்பரப்பு முழுக்கக் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. அடுத்ததற்கு ஒழுங்காக பிரைமர் அடித்தேன், ஐப்பசி மழை நாளில் பால்கனியில் நின்று கறுப்பு லேக்கர் பெயின்ட் அடித்தேன், கால் மணி நேரத்தில் கார் முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆனது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிடும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் இறங்கிப் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். கடற்கரை ஊரில் இது தினசரித் தொல்லை. அதனால் சென்னையில் கார் பெயின்ட் அடிக்க நல்ல காலம் பிப்ரவரி மார்ச், நேரம் காலை பதினொன்றுக்கு மேல், மூக்கில் மாஸ்க் கட்டாயம். கோயம்புத்தூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கண்ணாடிப் பகுதிக்கு இன்ஸ்டன்ட் பசையைத் தொடவே கூடாது, அதன் ஆவி பட்டாலே கண்ணாடி பனி படர்ந்த மாதிரி வெளுத்துப் போகும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கிட் என்பது ஒரு காருக்கு முப்பது மணி நேரம் உட்காரும் வேலை, அந்த முப்பதில் ஐந்து மணி நேரம் நாம் கெடுத்ததைச் சரி செய்வதில் போகும். அது எரிச்சலாக இருக்கும் என்று தோன்றினால் ரெடிமேட் வாங்குங்கள், குற்றமே இல்லை. எனக்கு அந்த ஐந்து மணி நேரம்தான் பிடிக்கும். டேஷ்போர்டில் ஒரு மில்லிமீட்டர் முள்ளை வெள்ளையில் தொட்டு வைக்கும்போது ஆபீஸாவது மெயிலாவது.

எதை எடுத்தாலும் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது, 2020ல் 60 ஆக்கினார்கள், 2023ல் 70. ஸ்கேல் மாடலும் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. ஜப்பான் தளத்தில் பாதி விலை என்று துள்ளிக் குதித்து ஆர்டர் போட்டால் கூரியர்க்காரர் வந்து நீட்டும் ரசீதில் மீதிப் பாதி இருக்கும். பெயின்ட் ஸ்ப்ரே தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் சும்மா ஏற்ற மாட்டார்கள், அது உள்ளூரில்தான்.

ஆக, அவனுக்கு நான் சொன்னது. பத்தாயிரத்தையும் ஒரே வாரத்தில் செலவழிக்காதே. முதலில் அவோஷிமாவின் ஸ்னாப் கிட் ஒன்று, 1:32 அளவில் சுசுகி ஜிம்னி இருக்கிறது. உதிரிகள் நிறத்தோடேயே வரும், பசையும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம், அமுக்கினால் பொருந்தும். ஒரு நிப்பர் மட்டும் வாங்கிக்கொள், ஒரு சாயங்காலம் உட்கார். முடித்ததும் அடுத்ததற்குக் கை அரித்தால் தமியா 1:24 பக்கம் போ. "போதும்டா சாமி" என்று தோன்றினால் மிச்சப் பணத்தில் நல்ல 1:64 ஐந்தாறோ, 1:43 இரண்டோ எடு, பலகை நிறைய வருடமாகும். சின்னக் குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் நான் கிட்டைப் பேச்சிலேயே எடுத்திருக்க மாட்டேன், இருநூறு ரூபாய் ஹாட் வீல்ஸ் பத்து வாங்கிக் கொடுத்துத் தரையில் ஓட்டச் சொல்லியிருப்பேன், குழந்தைகள் விளையாடிப் பெயின்ட் உதிர்ந்த கார்தான் பின்னால் ஞாபகத்தில் நிற்கும்.

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு போன். "மாமா, சைடு மிரர் வெட்டும்போது பறந்துடுச்சு. ரூம் முழுக்கத் தேடிட்டேன்." முதலில் ஃபேனை நிறுத்து, காலை நகர்த்தாதே, லைட்டையும் அணைத்துவிட்டு போன் டார்ச்சைத் தரையோடு தரையாக வை என்றேன். அப்படி வைத்தால் அரிசி அளவு உதிரிக்குக் கூட விரல் நீள நிழல் விழும். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து, "இருக்கு மாமா, பிள்ளையாருக்கு நேர் கீழ!"